வெள்ளிக்கிழமைகளில் ஊமையான ஹோன்

போன மாதம் மருமகனின் வேனில் ஹோன் அடிக்கவில்லை என்று அக்கரைப்பற்றில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே வேலை செய்த இளைஞர் பொனட்டைத் திறந்தார், பழைய ஹோனைக் கழற்றி ஒரு வாளிக்குள் எறிந்தார், பெட்டியிலிருந்து புதியதை எடுத்துப் பூட்டி அடித்துக் காட்டினார். எங்களுக்குச் சொன்ன தேநீர் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நான் பெருமூச்சு விட்டுப் பழங்கதை தொடங்குவேன் என்று மருமகன் பயந்திருக்க வேண்டும். நான் விடவில்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் என் முழங்கால்கள் இப்போது இந்தப் பாடு படமாட்டா.

கதையைத் தொடக்கி வைத்தவர் அந்த இளைஞர்தான். மருமகன் என்னை யாரென்று சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீங்கதானா ஹோன் உதுமான் காக்கா? அந்தப் பேர் எப்பிடி வந்த?" என்று கேட்டார். மூத்த ஆண்களைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளும் இல்லை, அது வந்த காரணம் சரியாகத் தெரிந்த ஆளும் இல்லை. என்னுடையது எனக்குத் தெரியும். ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் கராஜ் என்று சொல்லக்கூடிய இடத்தை நடத்தியவர் ஜேக்கப் பாஸ். தமிழர், மெதடிஸ்த சபைக்காரர். வேலை தெரிந்த ஆளை நாங்கள் பாஸ் என்போம். அவர் அந்தச் சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர். அவரிடம் நான் வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினேன், பிறகு டயர் கழற்றினேன், பிறகு பற்றறிக்குத் தண்ணீர் ஊற்றினேன், உடுத்திருந்த சாரனில் அசிட் பட்டு ஓட்டை விழுந்து உம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். கை சிறியது, ஒடுங்கிய இடத்துக்குள் போகும் என்பதால் வயர் வேலை என் தலையில் விழுந்தது. அதுவே என் வாழ்நாள் தொழிலாயிற்று.

பாஸ் வேலை செய்யும்போது வாய்க்குள் ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பாட்டு ஓடுகிற வரைக்கும் எல்லாம் நலம். பாட்டு நின்றால் எவனோ பிழை விட்டிருக்கிறான் என்று அர்த்தம். அப்போதும் சத்தம் போடமாட்டார். "சரி ராசா, இதக் கழட்டிப் போட்டுத் திரும்பப் பூட்டுங்க" என்பார். அவர் ராசா என்று மரியாதையாகக் கூப்பிட்டால் நாங்கள் ஸ்பானரைத் தேடி ஓடுவோம்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வண்டியைக் கொண்டு வருகிறவர் தன் குறையை வாயால் சொன்னால் போதாது. ஆசனத்தில் ஏறி இருந்து செய்து காட்ட வேண்டும். "காட்டுங்க பாப்பம்" என்பார். காட்ட முடியாத குறைக்கு அவர் ஒரு ஆணியையும் தொடமாட்டார். நோய் வருத்தம் இல்லாத உடம்பைக் கீறிப் பார்த்தால் இல்லாத வருத்தம் வரும் என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்தான். ஆனால் அந்தச் சட்டம் ஒரு மனிதனின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஹோன் என்றால் என்ன என்று எனக்கு விளங்கிய நாளைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்தியில், மஃரிபுத் தொழுகை நேரம், பள்ளிவாசலுக்கு நேரே வந்த பஸ் ஒன்றின் ஹோன் தானாகவே அலறத் தொடங்கி நிற்கவேயில்லை. ட்ரைவர் பொத்தானை அடிக்கிறார், குத்துகிறார், கும்பிடுகிறார். அது நிற்கிற பாடாக இல்லை. உள்ளே தொழுகை நடக்கிறது. வெளியே நின்ற ஆட்கள் பஸ்ஸை அடிக்கப் போவதா ட்ரைவரை அடிக்கப் போவதா என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஹோனிலிருந்த வயரை வெறுங்கையால் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

மறுநாள் பாஸ் அந்த வயரை எடுத்துக் காட்டினார். ஒரு இடத்தில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. "பற்றறியிலருந்து வாற கறண்ட் எப்பவும் ஹோன் வரைக்கும் வந்து காத்துக்கொண்டு நிக்கும். அது திரும்பிப் போறதுக்கு வண்டிட இரும்பு உடம்புதான் வழி. பொத்தான் அந்த வழிக்குக் கதவு. கதவத் துறந்தா சத்தம், பூட்டினா அமைதி. நேத்து இந்த வயர் கதவக் கேக்காம இரும்புல தொட்டுட்டு. விளங்கிச்சா?" என்றார். விளங்கிற்று. அதன் பிறகு இந்தக் கரையில் ஓடிய எல்லா வண்டிகளின் ஹோனும் என்னிடம்தான் வந்தன. கடற்காற்றில் உப்புப் பிடித்த ஹோன்கள், குளவி மண்கூடு கட்டி அடைத்த ஹோன்கள், மீன் லொறிக்காரர் கருவாட்டுச் சாக்கைத் தூக்கிப் போட்டு நசுக்கிய ஹோன்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் வாய் திறந்துவிட்டேன்.

மில் ஹாஜியாரின் கார் மட்டும் எனக்குத் தண்ணி காட்டியது.

ஹாஜியாருக்குக் கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைக்குப் போகும் வழியில் நெல் ஆலை இருந்தது. அதனால் ஊருக்கு அவர் மில் ஹாஜியார். நேர்மையானவர், தாராளமாகக் கொடுப்பவர், ஆனால் பொய் சொல்லுகிறவனைக் கண்டால் அவருக்குப் பத்தி எரியும். கறுப்பு நிறத்தில் ஒரு இங்கிலாந்துக் கார் வாங்கியிருந்தார். அதை ஓட்டியவர் அலியார் காக்கா. மெலிந்த, சங்கோஜமான மனிதர். எதிரே ஆட்டுக்குட்டி வந்தாலும் காரை நிறுத்தி வழி விடுகிற பேர்வழி.

அலியார் காக்கா ஒரு திங்கட்கிழமை காரைக் கொண்டு வந்து, "ஹோன் அடிக்குதில்ல பாஸ்" என்றார்.

"காட்டுங்க பாப்பம்."

அவர் ஏறி இருந்து அமுக்கினார். ஹோன் கல்யாண வீட்டு மேளம் போல நன்றாக அடித்தது. நாங்கள் சிரித்தோம். அவருக்கு முகம் கறுத்துப் போனது. சில வாரங்கள் கழித்து இன்னொரு திங்கள் வந்தார். அன்றும் அது கணீரென்று அடித்தது. "அலியாருக்குக் காது கேக்கல்ல போல" என்று டயர்க்காரன் பகிடி பண்ணினான். பாஸ் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.

பிறகு அந்த விபத்து நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அலியார் காக்கா தனியே காரைக் கொண்டு வயல் பக்கம் போயிருக்கிறார். நற்பிட்டிமுனை வளைவில் எதிரே பாதையின் நடுவே நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. வண்டிக்காரர் சின்னத்தம்பி அண்ணன் பின்புறம் திரும்பி மூட்டையைச் சரி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். இவர் ஹோனை அமுக்கியிருக்கிறார். சத்தம் இல்லை. திரும்ப அமுக்கியிருக்கிறார். பிறேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தும் காரின் மட்காட் வண்டிச் சில்லில் பட்டு, வண்டி வாய்க்காலுக்குள் சரிந்தது. மூட்டைகள் நனைந்தன, சின்னத்தம்பி அண்ணனின் கை பிசகியது, மாடு ஒன்று காலை நொண்டியது. அல்லாஹ் காத்தான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஹாஜியார் நனைந்த நெல்லுக்கு வேறு நெல் கொடுத்தார், கைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார். எல்லாம் முடித்துத் திங்கட்கிழமை தானே காரில் ஏறி வந்து கராஜ் வாசலில் வைத்து ஹோனை அமுக்கினார். அது அடித்தது. பாஸும் அமுக்கினார். அடித்தது.

"பாஸ், இதுல பிழ இரிக்கா?"

"அடிக்கிற ஹோன்ல நான் என்ன பிழயக் காணுற ஹாஜியார்?"

அவ்வளவுதான். ஆலைக்குத் திரும்பி, நெல் புடைக்கும் பெண்களும் மூட்டை தூக்கும் ஆட்களும் கேட்க, ஹாஜியார் அலியார் காக்காவைப் பார்த்து, "ஹோன் அடிக்காம கண்ணப் பொத்திட்டு ஓடி வண்டியச் சாச்சிப் போட்டு, என்னட்டப் பொய்யும் சொல்லுறாய். வாற வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுது போட்டுச் சாவியத் தந்திட்டுப் போ. சாய்ந்தமருதுலருந்து வேற ஆள் வாறான்" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய் மாலை அலியார் காக்கா கராஜுக்கு வந்து வாங்கில் குந்தினார். வேலை போவதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. "ட்ரைவர் வேல இல்லாட்டிக் கூலி வேல செய்யலாம். ஆனா நான் பொய்யனெண்டு என்ட பொண்டாட்டிக்கு முன்னால சொல்லிப் போட்டாங்க, தம்பி" என்றார். அவர் மனைவியும் அந்த ஆலையில்தான் நெல் புடைத்தார். எங்கள் கராஜின் சொல்லை வைத்துத்தானே அவரைப் பொய்யன் ஆக்கினார்கள்?

"காக்கா, அது எப்பெப்ப அடிக்காம இரிக்கி? யோசிச்சுச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழம சத்தமே வராது. சனிக்கிழம வயலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் தனியப் போவன், அப்பயும் இல்ல. அமுக்கி அமுக்கி விரல் நோகும். ஞாயித்துக்கிழம பின்னேரம் கரகரண்டு முக்கி முக்கி வரும். திங்கக்கிழம ஒண்டும் நடக்காத மாதிரி அடிக்கும்."

டயர்க்காரன் விடுவானா? "ஹோனும் ஜும்ஆவுக்கு லீவு எடுக்குது போல!"

பாஸ் பாட்டை நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமையும் சரியா அடிக்காதெண்டா, எங்கட சேர்ச்சுக்கும் வருகுதோ?" என்று அவரும் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கும் அதே நேரம் உறைத்தது.

எங்கள் கராஜ் வெள்ளிக்கிழமை பூட்டு, ஏனென்றால் வேலைக்காரர் எல்லாரும் முஸ்லிம்கள். ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு, ஏனென்றால் பாஸ் சபைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை ஹாஜியாரின் கார் ஊரில் இராது. ஆகவே அந்தக் கார் எங்களிடம் வரக்கூடிய முதல் நாள் எப்போதும் திங்கள். வருத்தம் மாறிய பிறகே அது வைத்தியரிடம் வந்துகொண்டிருந்தது. ஊரில் வேறு யாரும் இப்படி இரண்டு லீவு விட்டிருக்கமாட்டார்கள். இரண்டு வேதத்துக்கும் மரியாதை செய்யப் போய் நாங்கள் ஒரு அப்பாவியை மாட்டிவிட்டோம்.

"உதுமான், வெள்ளிக்கிழம காலமே உனக்கு வேல இருக்கா?" என்றார் பாஸ். எத்தனையோ வருடத்தில் அவர் வெள்ளிக்கிழமை என்னிடம் வேலை கேட்டது அன்றுதான்.

வெள்ளி காலை இருவரும் சைக்கிளில் ஆலைக்குப் போனோம். ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. "ஜும்ஆ நாளையில என்ன பாஸ் இது?" என்றார். "ஒருக்காக் காட்டச் சொல்லுங்க ஹாஜியார், போயிடுறம்" என்றார் பாஸ். அலியார் காக்கா சாவியைக் கொடுக்கத் தயாராகக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவரை ஏறச் சொன்னோம். அமுக்கினார். ஒரு மூச்சும் இல்லை. ஹாஜியார் வந்து தானே அமுக்கினார். இல்லை. திரும்பவும் அமுக்கினார். ஆலைக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள்.

பாஸ் என் தோளைத் தட்டி, "கள்ளன் பிடிபட்டுட்டான். இனி உன்ட வேல" என்று பாட்டைத் தொடங்கினார்.

ஹோன் அடிக்காவிட்டால் முதலில் கையை நீட்டக் கூடாது, காதை நீட்ட வேண்டும். அலியார் காக்காவை அமுக்கச் சொல்லிவிட்டு ஹோனருகே காதை வைத்தேன். ஒரு சின்னச் சொடக்குச் சத்தமாவது வந்தால் ஹோனுக்குள் கோளாறு, வரவில்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது, பற்றறி நல்லம். ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை. பிறகு பற்றறியிலிருந்து இரண்டு வயரை எடுத்து நேரே ஹோனில் தொட்டேன். அது அலறிய அலறலில், முற்றத்தில் நெல் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் மதில் ஏறிப் பறந்தன. பெண்கள் சிரித்தார்கள். ஹோனும் நல்லம்.

எங்களிடம் ஒரு சோதனை விளக்கு இருந்தது. சின்ன பல்பு, அதில் இரண்டு வயர், அவ்வளவுதான். ஹோனுக்கு வரும் வயரில் வைத்தேன், எரிந்தது. கறண்ட் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்தது திரும்பிப் போகிற வழி. பொத்தானுக்குப் போகும் வயர் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு இணைப்பில் வெளியே தெரியும். காருக்கடியில் மல்லாந்து படுத்து, அந்த இடத்தை ஒரு கம்பியால் இரும்போடு தொட்டேன். மறுபடி அலறல். ஆக, ஹோனிலிருந்து அந்த இடம் வரைக்கும் வழி சரி. மிச்சம் இருப்பது மேலே, ஸ்டியரிங் நடுவில் உள்ள பொத்தான் மட்டும்.

பொத்தானைச் சுற்றியிருந்த சின்ன ஸ்குரூக்களைத் தளர்த்தி மூடியை மெல்லத் தூக்கினேன். கீழே ஸ்பிரிங், அதற்குக் கீழே பித்தளை வளையம். அமுக்கும்போது மூடியின் அடித்தகடு இந்த வளையத்தில் தொட வேண்டும். வளையத்தைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து தோல் கட்டியிருந்தது. பித்தளைக் களிம்பு என்று நினைத்தேன். ஆனால் அந்தக் களிம்பு பச்சையாக இருக்கும். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டு போனேன்.

சந்தனம்.

பாஸிடம் நீட்டினேன். அவரும் மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பாட்டு நின்றது. குரலைத் தாழ்த்தி, "உதுமான், இது உங்கட ஆக்கள்ர விசயம். நீயே கதை" என்று சொல்லிவிட்டு, தேவையில்லாமல் டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் வசதியான வீடுகளில் வெள்ளி இரவில், அதாவது வியாழன் அந்திக்குப் பிறகு, குர்ஆனின் பாத்திஹா அத்தியாயத்தை ஓதிச் சாம்பிராணி காட்டுவார்கள். ஹாஜியார் அதை முடித்துவிட்டுக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, தன் கையாலேயே ஸ்டியரிங் நடுவில் ஒரு பொட்டு வைத்து, பன்னீரும் தெளிப்பார். காருக்கும் ஓட்டுகிறவனுக்கும் ஆபத்து வரக் கூடாது என்று ஒரு துஆவும் கேட்பார். அது ஆகுமா ஆகாதா என்று மவ்லவிமார் வாதாடட்டும், நான் வயர்க்காரன். நான் சொல்வதெல்லாம், அந்தப் பன்னீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு பொத்தான் இடுக்கால் கீழே இறங்கி வளையத்தில் காய்ந்தது என்பதுதான். அலியார் காக்கா வெள்ளியும் சனியும் அமுக்கி அமுக்கி அதை உடைப்பார்; திங்களில் பித்தளை பித்தளையைத் தொடும்; வியாழன் வந்தால் மறுபடி பூச்சு.

அலியார் காக்காவுக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது என்று ஹாஜியார் வைத்த சந்தனம்தான் அவரைப் பொய்யன் ஆக்கியது. இதை அத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? பெரிய மனிதர், நல்ல எண்ணத்தில் செய்தது, அதுவும் பாத்திஹாவோடு சேர்ந்தது. மூடியை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்து, "ஹாஜியார், ஒருக்கா மணந்து பாருங்க" என்றேன்.

மணந்தார். மூடியின் மேலே நேற்று வைத்த பொட்டு விரல் பட்டுப் பாதி அழிந்து இருந்தது. அதைப் பார்த்தார், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், குனிந்து வளையத்தைப் பார்த்தார்.

"இது நான் வெச்சது" என்றார்.

"ஓம் ஹாஜியார்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாசலைப் பார்த்து, "அலியார், இஞ்ச வா" என்றார். அலியார் காக்கா வந்து சாவியை நீட்டினார். ஹாஜியார் சாவியை வாங்கவில்லை, நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னது மெய். நான்தான் உன்னப் பொய்யனாக்கினன். இந்தச் சனத்துக்கு முன்னால ஏசினன், இந்தச் சனத்துக்கு முன்னாலயே கேக்கன். என்னப் பொறுத்துக்க" என்றார்.

அலியார் காக்கா மற்றக் கையால் ஹாஜியாரின் கையைப் பற்றினார். தலையை ஆட்டினார். பெண்களின் பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பாஸ் பார்த்துவிட்டார்.

வளையத்தைப் பெற்றோல் துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மூடியைப் பூட்டினேன். அலியார் காக்கா ஏறி இருந்து அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவேயில்லை. திரும்பி வந்துகொண்டிருந்த கோழிகள் மறுபடி மதில் ஏறின. ஹாஜியார் ஜும்ஆவுக்கு முன்பே அவரைக் கூட்டிக்கொண்டு நற்பிட்டிமுனைக்குப் போய், சின்னத்தம்பி அண்ணனிடமும் உள்ளதைச் சொன்னார். அதன் பிறகு அலியார் காக்கா போன தேநீர்க் கடையிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, எனக்கு இந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டார்.

அடுத்த வியாழன் அந்தியில் பாஸ் என்னை ஆலைக்கு அனுப்பினார். வருத்தம் மாறிய பிறகும் ஒரு தரம் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். நான் போனபோது ஹாஜியார் சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் வைக்கப் பயம். பொனட்டில் வைத்தால் தூசி. கண்ணாடியில் வைத்தால் பாதை மறைக்கும். "எங்கடாப்பா வைக்கிற?" என்று என்னையே கேட்டார். எனக்கு வயர்தான் தெரியும் என்றேன்.

அலியார் காக்கா காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஹாஜியார் அவரை ஒரு கணம் பார்த்தார். "கையக் காட்டு" என்றார். கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குப் பூசுவது போல, அந்த இரண்டு உள்ளங்கையிலும் சந்தனத்தை நிறையப் பூசினார். பன்னீரும் தெளித்தார்.

"ஓட்டுறது இந்தக் கைதானே" என்றார்.

வெள்ளி காலை நான் தெருவில் நின்றபோது அந்தக் கார் வந்தது. என்னைக் கண்டதும் அலியார் காக்கா ஹோனை அடித்தார். காரை நிறுத்தி, ஜன்னலால் கையை நீட்டி என் கையைப் பிடித்துச் சலாம் சொன்னார். அவர் போன பிறகும் என் கையில் சந்தனம் மணத்தது.